வெல்டர், எலெக்ட்ரீஷியன் பயிற்சிக்குக் கோடிகளைக் கொட்டும் ஐரோப்பா: பக்கத்து நாடுகளில் என்ன நடக்கிறது?

2024 ஜூன் மாதம். ஜெர்மனியின் பெர்லினில் உக்ரைன் மறுசீரமைப்பு மாநாடு நடந்தது. ஏவுகணைத் தடுப்பு, மின்சாரம், கடன் உதவி... எல்லோரும் எதிர்பார்த்த தலைப்புகள்தான். ஆனால் அதே மேடையில் அதிகம் பேசப்படாத ஓர் அறிவிப்பும் வந்தது.

50-க்கும் மேற்பட்ட அரசுகளும் அமைப்புகளும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டணியைத் தொடங்கின. மூன்று ஆண்டுகளில் 1,80,000 உக்ரைன் மக்களுக்குத் தொழில் பயிற்சி கொடுப்பது இலக்கு. இதற்காக உறுதியளிக்கப்பட்ட தொகை 70 கோடி யூரோவுக்கு மேல். அப்போதைய மதிப்பில் சுமார் 6,300 கோடி ரூபாய்!

போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் எதற்கு வெல்டிங் வகுப்பு? பணம் கொடுப்பவர்களுக்கு இதில் என்ன லாபம்? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. பயிற்சி முடித்தவர் கடைசியில் எந்த நாட்டில் வேலை பார்ப்பார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'பக்கத்து நாடுகள்'?

2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரே நேரத்தில் 10 புதிய நாடுகள் சேர்ந்தன. ஒன்றியத்தின் எல்லை கிழக்கே நகர்ந்தது. எல்லைக்கு வெளியே நிற்கும் நாடுகளை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்காகக் கொண்டுவரப்பட்டதுதான் 'ஐரோப்பிய அண்டை நாட்டுக் கொள்கை'.

இதில் 16 நாடுகள் வருகின்றன. கிழக்கே உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான், பெலாரஸ். தெற்கே மத்தியதரைக் கடலைச் சுற்றி மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியா, லிபியா, எகிப்து, ஜோர்டான், லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம், சிரியா.

எல்லா நாடுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பல நாடுகளில் ஒரு விசித்திரம் பொதுவாக இருக்கிறது. ஒரு பக்கம் படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை. இன்னொரு பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. பட்டம் இருக்கிறது, ஆனால் கையில் தொழில் இல்லை என்பதுதான் முதலாளிகளின் புகார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021-27 காலத்துக்கான தன் வெளிநாட்டு உதவி நிதியாக 7,950 கோடி யூரோ ஒதுக்கியது. அதில் குறைந்தது 1,900 கோடி யூரோவுக்கு மேல் இந்த அண்டை நாடுகளுக்கு. சாலை, மின்சாரம், நீதித்துறை என்று பல துறைகளுக்கும் போகும் இந்தப் பணத்தில் தொழிற்கல்வியும் ஒரு பங்குதாரர்.

நம்ம ஊர் ஐடிஐ... அந்த ஊர் 'பிடியூ'

கிழக்கு நாடுகளின் பிரச்சினை புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சோவியத் காலத்தில் நம்ம ஊர் ஐடிஐ மாதிரி அங்கே 'பிடியூ' என்ற தொழிற்பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது ஒரு தொழிற்சாலையோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். மெஷின் தருவது அந்தத் தொழிற்சாலை. பயிற்சிக்கு இடம் தருவதும் அதுதான். படிப்பு முடித்ததும் வேலையும் அங்கேயே. எத்தனை ஃபிட்டர் வேண்டும், எத்தனை டர்னர் வேண்டும் என்பதை அரசுத் திட்டக் குழு முன்கூட்டியே முடிவு செய்துவிடும்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, அல்லது தனியார் கைக்குப் போயின. பள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. பழைய லேத், பழைய பாடப்புத்தகம், அதே ஆசிரியர்கள். யாருக்காகப் பயிற்சி கொடுக்கிறோம் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

இன்னொரு அடியும் விழுந்தது. கல்லூரிப் படிப்பு மீது மோகம் கூடியது. 'பிடியூ' என்பது படிப்பு ஏறாதவர்கள் போகும் இடம் என்ற பெயரானது. அந்தப் பகுதி மக்கள் பேச்சில் அந்தச் சொல் ஒரு கேலியாகவே மாறிப்போனது. "மார்க் வரலைன்னா ஐடிஐ-யில சேர்த்துவிட்டுடலாம்" என்று இங்கே பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதனால் தொழிற்கல்வியை 'நவீனமாக்குதல்' என்றால் அங்கே மூன்று வேலைகள். பழைய மெஷினை மாற்ற வேண்டும். அறுந்துபோன தொழிற்சாலைத் தொடர்பை மறுபடி ஒட்ட வேண்டும். போன மரியாதையை மீட்க வேண்டும். முதல் வேலையைப் பணத்தால் செய்யலாம். மற்ற இரண்டும் அவ்வளவு சுலபம் இல்லை.

பணம் எப்படிப் போகிறது?

செய்திகளில் 'உதவி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது பல வழிகளில் போகிறது.

பட்ஜெட் ஆதரவு: பணம் நேராக அந்த நாட்டு அரசின் கருவூலத்துக்கே போகும். ஆனால் தவணை முறையில். 'புதிய சட்டம் கொண்டுவந்தீர்களா, பாடத்திட்டத்தை மாற்றினீர்களா' என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை. மால்டோவாவின் தொழிற்கல்விச் சீர்திருத்தத்துக்கு 2014-ல் ஒப்புக்கொள்ளப்பட்ட 2.5 கோடி யூரோ இந்த வகை.

திட்ட உதவி: பணம் அரசுக்குப் போகாது. ஜெர்மனியின் ஜிஐஇசட் போன்ற ஒரு நிறுவனம் நேரடியாக வேலையை நடத்தும். கட்டடம் புதுப்பிப்பது, மெஷின் வாங்குவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

ட்வின்னிங்: இரட்டையர் மாதிரி ஜோடி சேர்ப்பது. ஐரோப்பிய நாடு ஒன்றின் அரசு அதிகாரி, உதவி பெறும் நாட்டின் அமைச்சகத்துக்கே போய் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

இதையெல்லாம் தாண்டி ஆலோசனைக்கு என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. இத்தாலியின் டூரின் நகரில் இயங்கும் ஐரோப்பியப் பயிற்சி அறக்கட்டளை. 1990-ல் பெர்லின் சுவர் விழுந்த சூட்டோடு இதற்கான சட்டம் வந்தது. 1994-ல் வேலையைத் தொடங்கியது. இது பெரிய அளவில் பணம் கொடுக்கும் அமைப்பு கிடையாது. ஒவ்வொரு நாட்டின் தொழிற்கல்வி எப்படி இருக்கிறது என்று அலசிப் பார்த்துச் சொல்லும். 2010 முதல் 'டூரின் செயல்முறை' என்ற பெயரில் இந்த ஆய்வை, அந்தந்த நாட்டு அரசுகளையும் முதலாளிகளையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து நடத்தி வருகிறது.

எல்லோரும் கேட்கும் 'ஜெர்மன் மாடல்'

இந்த நாடுகளில் எங்கே போனாலும் அடிபடும் பெயர் 'டூயல் சிஸ்டம்'. ஜெர்மனியின் இரட்டை முறைப் பயிற்சி.

மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை கற்பார். மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவார். மாதா மாதம் உதவித்தொகை வரும். பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகளில் படிப்பு முடியும். தேர்வு நடத்துவது பள்ளி இல்லை. தொழில் வர்த்தகச் சபை, கைத்தொழில் சபை போன்ற அமைப்புகள். முன்னூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இப்படிப் பயிற்சி உண்டு. இதற்கான அடிப்படைச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது.

கேட்கவே நன்றாக இருக்கிறது. அப்படியே எடுத்துப்போய் இன்னொரு நாட்டில் நட்டால் என்ன?

சிக்கல் இங்கேதான். ஜெர்மனியில் இந்த முறையைத் தாங்கிப் பிடிப்பது நிறுவனங்கள். பயிற்சிக்குச் செலவு செய்ய அவர்களிடம் பணம் இருக்கிறது. பயிற்சி கொடுத்த பையன் நம்மிடமே வேலை பார்ப்பான் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வலுவான வர்த்தகச் சபைகள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் அதிகம் இருக்கும் நாட்டில், "ஒரு பையனுக்கு மூணு வருஷம் சொல்லிக்கொடுத்தா, அவன் மறுநாளே வெளிநாட்டுக்குப் போயிடுவான்" என்று முதலாளி யோசித்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

இந்தப் பயம் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கும் நாடு மால்டோவா.

மால்டோவா: பயிற்சியும் விசாவும் ஒரே வருஷம்

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நாடு மால்டோவா. 2014-ல் அங்கே இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, தொழிற்கல்விச் சீர்திருத்தம் வேகம் பிடித்தது. 2013-20 காலத்துக்கான வியூகத்துக்கு ஐரோப்பியப் பணம் வந்தது. ஜெர்மனி போன்ற நாடுகளின் ஆதரவோடு இரட்டை முறைப் பயிற்சி சோதனையாகத் தொடங்கியது.

இரண்டு, அதே 2014 ஏப்ரலில் மால்டோவா மக்கள் விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குக் குறுகிய காலம் போய்வர அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியை வைத்து வேலை பார்க்க முடியாது என்பது சட்டம். ஆனால் மால்டோவா மக்களில் ஏராளமானவர்கள் வம்சாவளி அடிப்படையில் ருமேனியக் குடியுரிமையும் வைத்திருக்கிறார்கள். ருமேனியா ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடு. அந்த பாஸ்போர்ட் இருந்தால் ஜெர்மனியோ இத்தாலியோ எங்கே வேண்டுமானாலும் சட்டப்படி வேலை பார்க்கலாம்.

விளைவு? 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 28 லட்சம் பேர் இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் சுமார் 24 லட்சம். (பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதி இந்தக் கணக்கில் இல்லை.) பத்து வருஷத்தில் ஏழு பேரில் ஒருவர் குறைந்திருக்கிறார்.

இது முழுக்கத் தொழிற்பயிற்சியால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பிறப்பு விகிதம் சரிந்தது, சம்பள வித்தியாசம், அரசியல் குழப்பம் என்று பல காரணங்கள். ஆனால் பயிற்சித் திட்டம் இந்தத் தரையில்தான் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. நல்ல சான்றிதழ் ஒருவருக்கு உள்ளூர் வேலைக்கான கதவையும் திறக்கிறது, விமான நிலையத்துக்கான கதவையும் திறக்கிறது.

அதற்காக எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. மால்டோவாவின் வடக்கே பெல்ட்ஸி நகரத்தில் கார்களுக்கான வயரிங் தயாரிக்கும் ஆலைகள் வந்திருக்கின்றன. ஜெர்மனியின் ட்ரெக்ஸ்ல்மையர் நிறுவனம் அங்கே பெரிய முதலாளி. இப்படி வேலை பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் இரட்டை முறைப் பயிற்சிக்கு அர்த்தம் இருக்கிறது. வேலை இல்லாத கிராமத்தில் அதே பயிற்சிக்கு என்ன அர்த்தம் என்பதுதான் கேள்வி.

உக்ரைன்: ஆள் எங்கே?

இனி பெர்லின் அறிவிப்புக்குத் திரும்பலாம்.

போருக்கு முன்பே உக்ரைனில் ஒரு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் தொடங்கிய 'இயூ ஃபார் ஸ்கில்ஸ்' திட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஜெர்மனி, போலந்து, பின்லாந்து, எஸ்டோனியா சேர்ந்து போட்ட பணம் சுமார் 5.8 கோடி யூரோ. பாடத்திட்டம் மாற்றுவது, பயிற்சி மையங்களைப் புதுப்பிப்பது, ஆசிரியர்களைத் தயார் செய்வது என்று நிதானமான வேலைகள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. பயிற்சிக் கூடங்கள் சில குண்டு வீச்சில் சேதமாயின. சில கூடங்களின் விடுதிகளில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கினார்கள். பாடம் ஆன்லைனுக்குப் போனது. ஆனால் வெல்டிங்கையும் குழாய் பொருத்துவதையும் ஜூம் காலில் எவ்வளவு தூரம் சொல்லிக்கொடுக்க முடியும்?

இப்போது தேவை எவ்வளவு என்று பாருங்கள். உக்ரைன் அரசு, உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், ஐநா சேர்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அடுத்த பத்து ஆண்டுகளில் மறுசீரமைப்புக்கு 52,400 கோடி டாலர் வேண்டும். வீடு, பாலம், மின் நிலையம், வெப்பக் குழாய்... பணம் வந்தாலும் செங்கல் அடுக்க, வயர் இழுக்க, கிரேன் ஓட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே? ஒரு பகுதி போர்முனையில். இன்னொரு பகுதி வெளிநாட்டில். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைன் மக்கள் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அதனால் பெண்கள் முன்னால் வருகிறார்கள். லாரி, பஸ் ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். போரில் காயமடைந்து திரும்பும் வீரர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. 16 வயது மாணவருக்கு மூன்று வருடப் படிப்பு என்ற பழைய அமைப்பு இதற்குப் போதாது. 35 வயது பெண்ணுக்கு மூன்று மாதப் படிப்பு, 45 வயது முன்னாள் வீரருக்கு ஆறு மாதப் படிப்பு என்று வளைந்து கொடுக்கும் பயிற்சி வேண்டும்.

1998-ல் எழுதப்பட்ட பழைய தொழிற்கல்விச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் உக்ரைன் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியதன் பின்னணி இதுதான். கல்லூரிகளுக்குக் கூடுதல் தன்னாட்சி, தொழில் நிறுவனங்களோடு நெருக்கமான தொடர்பு என்பவை அதன் நோக்கம்.

பெர்லின் அறிவிப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், 70 கோடி யூரோவை 1,80,000 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்குச் சுமார் 3,900 யூரோ. கட்டடம், மெஷின், ஆசிரியர் எல்லாம் இதற்குள் வர வேண்டும் என்றால் இது கொட்டிக் கிடக்கும் பணம் இல்லை. மறுசீரமைப்புக்குத் தேவையான தொகையோடு ஒப்பிட்டால் கடுகளவுதான்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயது வரையிலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியே போக உக்ரைன் அரசு அனுமதி கொடுத்தது. அதுவரை 18 முதல் 60 வயது ஆண்களுக்குத் தடை இருந்தது. தொழிற்கல்லூரியை முடித்து வெளியே வரும் வயதும் இதேதான். அவர்கள் உள்ளே இருப்பார்களா, போனவர்கள் திரும்புவார்களா என்பதைப் பொறுத்தே இந்தப் பயிற்சியின் பலன் அமையும்.

மொராக்கோ: தொழிற்சாலையே நடத்தும் பள்ளி

தெற்குப் பக்கம் கதை வேறு. இங்கே ஆள் பற்றாக்குறை கிடையாது. இளைஞர்கள் நிறைய, வேலை குறைவு.

மொராக்கோவின் டாஞ்சியர் அருகே ரெனோ நிறுவனம் பெரிய கார் ஆலை கட்டியது. 2012 பிப்ரவரியில் திறப்பு. அதற்கு முந்தைய ஆண்டே, ஆலைக்குப் பக்கத்தில் வாகனத் தொழிலுக்கான பயிற்சி நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. பணம் போட்டது மொராக்கோ அரசு; பிரான்ஸின் வளர்ச்சி நிதி அமைப்பும் உதவியது. நிர்வாகம் ரெனோ கையில். ஆலையில் என்ன ரோபோ இருக்கிறதோ, அதற்கேற்ற பயிற்சி.

இந்த முறையில் 'யாருக்காகப் பயிற்சி' என்ற கேள்வியே எழாது. வேலை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் வேறொரு கேள்வி எழுகிறது. அரசுப் பணத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆள் தயார் செய்து கொடுப்பதா? அந்த நிறுவனம் உற்பத்தியைக் குறைத்தால் மாணவர்கள் எங்கே போவார்கள்? சோவியத் 'பிடியூ'வும் ஒரு காலத்தில் இப்படி ஒரே தொழிற்சாலையை நம்பித்தான் இருந்தது.

மொராக்கோ இதை யோசித்த மாதிரி தெரிகிறது. 2019-ல் அறிவித்த புதிய திட்டத்தில் நாட்டின் 12 மாகாணங்களுக்கும் தலா ஒரு 'தொழில் திறன் நகரம்' கட்ட முடிவானது. ஒவ்வொரு பகுதியிலும் எந்தத் தொழில் ஓடுகிறதோ அதற்கேற்பப் பல துறைகளில் பயிற்சி. விவசாயமும் மீன்பிடியும் சுற்றுலாவும் உள்ள அகாதிர் பகுதிக்கு ஒரு மாதிரி, தொழிற்சாலைகள் நிறைந்த காசாபிளாங்கா பகுதிக்கு வேறு மாதிரி.

சரி, ஐரோப்பாவுக்கு என்ன லாபம்?

இது தர்மம் மட்டும் இல்லை. ஐரோப்பாவுக்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன.

முதல் கணக்கு, குடியேற்றம். பக்கத்து நாட்டில் வேலை கிடைத்தால், படகு ஏறி மத்தியதரைக் கடலைத் தாண்டி வருபவர்கள் குறைவார்கள் என்ற எதிர்பார்ப்பு.

இரண்டாவது கணக்கு, வியாபாரம். ஐரோப்பிய நிறுவனங்கள் அங்கே ஆலை வைக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் வேண்டும். ஐரோப்பியத் தரத்தில் பயிற்சி இருந்தால் வசதி.

மூன்றாவது கணக்கு முதல் கணக்குக்கு நேர் எதிர். ஐரோப்பாவில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வேலைக்கு ஆள் இல்லை. ஜெர்மனிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் வெளிநாட்டினர் தேவை என்று அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் அப்போதைய தலைவர் 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2020 மார்ச்சில் அமலுக்கு வந்த சட்டம், பட்டம் இல்லாத, தொழிற்பயிற்சி மட்டும் பெற்ற வெளிநாட்டினருக்கும் கதவை அகலமாகத் திறந்தது. 2023-ல் அது இன்னும் தளர்த்தப்பட்டது. 'திறமைக் கூட்டாண்மை' என்ற பெயரில் மொராக்கோ, துனிசியா, எகிப்து நாடுகளிலிருந்து சட்டப்படி தொழிலாளர்களை அழைத்துவரும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஆணையமே நடத்துகிறது.

ஆக, ஒரு கை 'உங்க ஊரிலேயே இருங்க' என்று பயிற்சி கொடுக்கிறது. இன்னொரு கை 'பயிற்சி முடிச்சிட்டீங்களா, எங்ககிட்ட வாங்க' என்று கூப்பிடுகிறது. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்.

இதற்கு ஐரோப்பா சொல்லும் பதிலும் இருக்கிறது. போகிறவர் அனுப்பும் பணம் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது, சிலர் அனுபவத்தோடு திரும்பி வருகிறார்கள், திருட்டுத்தனமாக வருவதைவிடச் சட்டப்படி வருவது எல்லோருக்கும் நல்லது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வெல்டரை உருவாக்கும் செலவில் பெரும்பகுதி, அதாவது பத்து வருடப் பள்ளிப் படிப்பு, அந்த ஏழை நாடு செய்தது. பலன் பணக்கார நாட்டுக்குப் போகிறது. அதை யார் ஈடு செய்வது என்பதற்குத் தெளிவான பதில் இன்னும் இல்லை.

அரசியல் மாறினால் பணம் நிற்கும்

வெளிப்பணத்தை நம்பும் திட்டங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அதற்கு ஜார்ஜியா உதாரணம்.

தொழிற்கல்விச் சீர்திருத்தத்தில் ஜார்ஜியா நிறையச் செய்திருக்கிறது. 2018-ல் புதிய சட்டம். 2021-ல் கல்வி அமைச்சகமும் வர்த்தகச் சபையும் சேர்ந்து உருவாக்கிய திறன் முகமை. அதாவது, என்ன கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மேஜையில் முதலாளிகளுக்கும் நாற்காலி போட்டார்கள்.

ஆனால் 2024-ல் 'வெளிநாட்டுச் செல்வாக்கு' சட்டம், அதற்கு எதிரான போராட்டங்கள், தேர்தல் சர்ச்சை என்று ஐரோப்பாவோடு உறவு கசந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஜார்ஜிய அரசுக்கான 12 கோடி யூரோவுக்கும் அதிகமான நேரடி உதவியை நிறுத்தியது. ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை எடுக்கப்போவதில்லை என்று ஜார்ஜியப் பிரதமர் 2024 நவம்பரில் அறிவித்தார்.

பெலாரஸ் இன்னும் ஒரு படி முன்னால் போய் 2021-லேயே கிழக்குக் கூட்டாண்மையில் பங்கேற்பதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் கதை தெரிந்ததுதான். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது, ஜூலையில் யூஎஸ்எய்ட் மூடப்பட்டது.

அரசுகளுக்குள் சண்டை வரலாம், பணம் நிற்கலாம். ஆனால் பாதிப் படிப்பில் இருக்கும் மாணவருக்கு இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. அதனால்தான் எந்தச் சீர்திருத்தத்திலும் சம்பளம், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகளைத் தொடக்கத்திலேயே உள்நாட்டு பட்ஜெட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க உள்ளூரில் பணம் இல்லையென்றால், இரண்டே வருடத்தில் அதற்குத் துணி போர்த்தி மூடிவைக்க வேண்டியதுதான்.

கிளிநொச்சியிலும் இதே கேள்வி

இது எங்கோ ஐரோப்பாவின் எல்லைக் கதை என்று விட்டுவிடவும் முடியாது. போர் முடிந்த இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மனியின் நிதி உதவியோடு இலங்கை - ஜெர்மன் பயிற்சி நிறுவனம் 2016-ல் திறக்கப்பட்டது. போரில் சிதைந்த பகுதி, வெளிநாட்டுப் பணத்தில் நவீனப் பட்டறை, பக்கத்தில் பெரிய ஆலைகள் குறைவு, வெளிநாடு போகும் ஆசை அதிகம். உக்ரைனும் மால்டோவாவும் இன்று சந்திக்கும் அதே சூழல். கட்டடம் கட்டுவதோடு சேர்த்து வேலையையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

இனி இந்த மாதிரிச் செய்தி வரும்போது, எத்தனை கோடி, எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற இரண்டு எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

பாடத்திட்டத்தை முடிவு செய்வது யார்? அமைச்சகம் மட்டுமா, வேலை கொடுப்பவர்களும் உண்டா?

ஆசிரியருக்குச் சம்பளம் எவ்வளவு? தொழிற்சாலையில் இரண்டு மடங்கு கிடைத்தால், நல்ல தொழிலாளி எதற்காக வகுப்பறைக்கு வருவார்?

வெளிப்பணம் நின்ற மறுநாள் கரண்ட் பில் கட்டுவது யார்?

படிப்பு முடித்த ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த மாணவர் எங்கே இருக்கிறார்? படித்த தொழிலிலா, வேறு வேலையிலா, வேறு நாட்டிலா?

இதில் கடைசிக் கேள்வியைத்தான் அரசுகள் பெரும்பாலும் தவிர்க்கின்றன. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படம் கிடைக்கும். ஒரு வருடம் கழித்து மாணவருக்கு போன் போட்டு 'எங்கப்பா இருக்கே, என்ன வேலை பார்க்கிறே?' என்று கேட்கும் வேலைக்குப் படம் கிடைக்காது. ஆனால் 70 கோடி யூரோ எங்கே போனது என்பதை அந்த ஒரு போன் கால் சொல்லிவிடும்.